அம்மா சுற்றிய ஆயிரமும் நான் ஊதிய ஒன்றரை லட்சமும்

என் அம்மா ஒரு நாளைக்கு 1,000 பீடி சுற்றுவாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இது யாரும் வியக்கும் விஷயமில்லை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், தென்காசி என்று எந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கூலிப் பேச்சே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். முந்தின ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்துவிட வேண்டும். காலையில் அளவுத் தகட்டை இலைமேல் வைத்து, கத்திரியால் நறுக் நறுக்கென்று வெட்ட வேண்டும். வெட்டிய இலையில் ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளைப் பரப்பி, இரண்டு கை விரல்களும் சேர்ந்து ஒரு உருட்டு, நூல் இரண்டு சுற்று, வாயை மடக்கி ஒரு குத்து. நான் ஒரு வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து பீடி சுளகில் விழுந்திருக்கும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். சாயங்காலம் அதைப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கி வருவாள். இலை ஒடிசா, மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து வரும். தூள் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வரும். கை மட்டும் எங்கள் ஊர்க் கை.

நான் 1991-ல், 18 வயதில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தேன். 2019 நவம்பரில் விட்டேன். 28 வருஷம், நாளொன்றுக்குச் சராசரியாக 15. விட்ட பிறகு ஒருநாள், நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில், பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,53,300 வந்தது. அதை ஆயிரத்தால் வகுத்தால் 153 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் அம்மாவுக்கு அது ஆறு மாச வேலை. நான் 28 வருஷம் ஊதித் தள்ளிய அத்தனையையும் அவள் விரல்கள் ஆறே மாசத்தில் சுற்றி முடித்திருக்கும். அவளோ 38 வருஷம் சுற்றினாள். அவ்வளவும் யார் யார் நெஞ்சுக்குள்ளேயோ போயிருக்கிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. ஏனென்றால் நான் தின்ற சோறும், படித்த படிப்பும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தொழிலாளர் துறை கொடுத்த உதவித்தொகையும் அந்தச் சுளகிலிருந்து வந்தவை.

வீடு முழுக்கப் பீடி கிடந்தும் நான் பீடியைத் தொட்டதில்லை. ஒழுக்கம் காரணமில்லை. இலையும் தூளும் எடை போட்டுத்தான் தருவார்கள். அதற்கேற்ற கணக்கில் பீடி திரும்பி வர வேண்டும். குறைந்தால் அம்மா கைக்காசைப் போட்டு இலையோ தூளோ வாங்கி ஈடுகட்டுவாள். ஒரு பீடியை எடுத்தாலும் அவளுடைய கணக்கில் இடிக்கும். அது எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். அதோடு, பாலிடெக்னிக் போகிற வயதில் பீடி என்றால் எனக்கு ஏழ்மை, சிகரெட் என்றால் படிப்பு. பஞ்சு வைத்த சிகரெட்டை விரலிடுக்கில் பிடித்து நின்றபோது சுளகை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக நினைத்தேன்.

அப்போது எல்லாப் பெட்டிக்கடையிலும் ஒரு கயிறு தொங்கும். தேங்காய் நார்க் கயிறு, கீழ் நுனி நாளெல்லாம் கனன்றுகொண்டே இருக்கும். குனிந்து, நுனியைச் சிகரெட்டோடு ஒட்டி, கன்னம் குழிய இழுக்க வேண்டும். தீப்பெட்டி வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். பல வருஷம் கழித்து, புகை நுரையீரலுக்குள் போன பத்திருபது நொடியில் நிகோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டபோது அந்தக் கயிறுதான் கண்முன் வந்தது. எனக்குள்ளும் அப்படியொரு கயிறு அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறையக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். தலைவலி, எரிச்சல், மெய்ப்புப் பார்க்கையில் எழுத்து நழுவுவது எல்லாம் ஒரு சிகரெட்டில் சரியாகிவிடும். சிகரெட் எனக்கு நிம்மதி தருகிறது என்று 28 வருஷம் நம்பினேன். முந்தின சிகரெட் கிளப்பிவிட்ட தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் அடக்கிக்கொண்டிருந்தது.

2008 அக்டோபர் 2-ல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது. பிரஸ் படிக்கட்டிலிருந்து சந்துக்குப் போனேன், அவ்வளவுதான். 2016-ல் பெட்டியின் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மேசைமேல் நான் வைத்த பெட்டியில் இருந்த தொண்டைப் புற்றுநோய்ப் படத்தின்மேல், அவள் பள்ளி நோட்டில் ஒட்டும் லேபிளை ஒட்டிவிட்டாள். பெயர், வகுப்பு, பாடம் என்று கோடு போட்ட லேபிள். எதையும் எழுதவில்லை. கேட்டதற்கு, "பயமா இருக்குப்பா" என்றாள். அந்தப் பெட்டியை நான் அன்றைக்குத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. லேபிள் ஒட்டிய பெட்டியிலிருந்தே மிச்சம் ஆறையும் குடித்து முடித்தேன். இதில் எனக்கு இன்றும் மன்னிப்பு கிடையாது.

விட முயன்றதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். புத்தாண்டுக்கு விட்டிருக்கிறேன். மகள் பிறந்த அன்று விட்டிருக்கிறேன், பதினோரு நாள் தாங்கியது. ஆனால் உண்மையில் ஒழுங்காக விட்டது மாலை போட்டபோதுதான். மூன்று முறை சபரிமலைக்கு மாலை போட்டேன். மூன்று முறையும் 41 நாள் ஒரு சிகரெட்டைக்கூட விரலால் தொடவில்லை. மாலை போட்டுக்கொண்டே மறைவாக ஊதும் சாமிகளையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. முதல் நாலைந்து நாள் கடினம். இரண்டு வாரம் போனால் நினைப்பே வராது. மலை ஏறி, நெய்யபிஷேகம் பார்த்து, இறங்கி, ஊருக்கு வந்து குருசாமி கையால் மாலையைக் கழற்றி, வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு டீக்கடைக்குப் போவேன். போய் நின்றதும் கடைக்காரர் கேட்காமலே டீயையும் சிகரெட்டையும் நீட்டுவார். வாங்கிவிடுவேன். மூன்று முறையும் இதேதான்.

"வைராக்கியம் பத்தாது எய்யா ஒனக்கு" என்பாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். 41 நாள் இருக்க முடிந்தவனுக்கு 42-ஆவது நாள் இருக்க முடியவில்லை என்றால் அது வைராக்கியக் குறைவு என்று தோன்றுவது இயல்புதான். ரொம்ப நாள் கழித்துதான் வேறு மாதிரி யோசித்தேன். மாலை போட்டவன் விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். செருப்பில்லை. கறுப்பு வேட்டி. பெண்டாட்டி முதல் முதலாளி வரை எல்லாரும் "சாமி" என்கிறார்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதில்லை, பழைய சேக்காளிகளோடு நிற்பதில்லை, சாயங்காலமானால் பஜனை. காலையில் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி தரையில் படுப்பது வரை அந்த மனிதனின் நாளே வேறு. பழைய நாளில் சிகரெட்டுக்கென்று ஒதுக்கியிருந்த பதினைந்து இடமும் இந்த நாளில் இல்லை. கூடவே ஊரே சேர்ந்து தாங்குகிறது. யாரும் ஒரு தம் போட்டுக்கோ என்று நீட்டுவதில்லை. உடம்பின் தவிப்பு மூன்று நாலு வாரத்தில் அடங்கிவிடுகிறது. 41-ஆவது நாளில் உடம்பு எதையும் கேட்கவில்லை. கேட்டது அந்த டீக்கடைப் பெஞ்ச், அந்தப் பதினொரு மணி. மாலையோடு சேர்த்து அந்த நாளையும் கழற்றி வைத்துவிட்டு, பழைய நாளுக்குள் தனியாளாகப் போய் நின்றேன். விழாமல் என்ன செய்வேன்?

இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவை எழுதுகிறேன். புகையை விட முடியாதவனை நாம் மனத்திடம் இல்லாதவன் என்கிறோம். "மனசு வெச்சா முடியும்" என்று தோளில் தட்டுகிறோம். யார் துணையும் இல்லாமல், மருந்தும் இல்லாமல் ஒரே மூச்சில் விடுகிறவர்களில் ஒரு வருஷத்துக்குப் பிறகும் விட்டபடி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி 95 பேரும் மனசில்லாதவர்களா? சர்க்கரை கூடினவனிடம் வைராக்கியத்தால் குறை என்று யாரும் சொல்வதில்லை.

2019 அக்டோபரில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி நெஞ்சு நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்கு 72 வயது. பீடி சுற்றுவதை விட்டே ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. சின்ன வயது டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தன வருஷமா பீடி குடிக்கீங்க பாட்டி?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து டாக்டர் பக்கம் காட்டினாள். "குடிச்சதில்ல தாயி. சுத்துனது மட்டுந்தான்."

அந்தக் கைகளை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வலது பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நூல் அறுத்த தழும்பு, நகக்கண்ணில் அழியாத பழுப்பு. டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். சுற்றுகிறபோது பறக்கும் புகையிலைத் தூசி மூச்சோடு உள்ளே போகும். தோல் வழியாகவும் நிகோட்டின் ஏறும். வாழ்க்கையில் ஒரு இழுப்பு இழுக்காத பெண்களின் சிறுநீரிலும் அதன் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள். விறகடுப்புப் புகையும் சேர்ந்திருக்கும் என்றார். எழுதிக்கொண்டே தலை நிமிராமல், "நீங்க ஒரு நாளைக்கு எத்தன?" என்று என்னிடம் கேட்டார். வருவதற்கு முன்தான் வாசலில் ஒன்று முடித்திருந்தேன். "பதினஞ்சு" என்றேன். அம்மா முன்னால் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஒரு சீட்டைக் கிழித்து, அதே வராந்தாவின் கோடியில் இருந்த புகையிலை மீட்பு மையத்துக்குப் போகச் சொன்னார்.

அங்கே ஒரு அக்கா இருந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதலில் ஒரு கருவியைக் கையில் கொடுத்து, மூச்சைப் பதினைந்து நொடி அடக்கி ஊதச் சொன்னார். 22 என்று காட்டியது. மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடின் அளவு அது; புகைக்காதவர்களுக்கு 6-க்குள் இருக்கும் என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "காலைல முழிச்சு எத்தன நிமிஷத்துல முதல் சிகரெட்?" ஐந்து நிமிஷத்துக்குள் என்றேன். புறவாசல் படியில், பல் விளக்கும் முன்னே. அதற்கு அவர், "அப்ப இது பழக்கம் மட்டும் இல்ல சார், மருந்து வேணும்" என்றார். அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

நவம்பர் 11, திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம். அந்தக் கார்த்திகைக்கு நான் மாலை போடவில்லை. மாலை இல்லாமல் இதே வேட்டியில், இதே தெருவில், இதே பதினொரு மணியில் விட வேண்டும் என்று நினைத்தேன்.

நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் 4 மில்லிகிராம், ஆறு வாரம் போனதும் 2. இதை எப்படிப் போடுவது என்று சரியாகத் தெரியாமல்தான் பலர் இரண்டாம் நாளே துப்பிவிடுகிறார்கள், நானும் துப்பியிருப்பேன். சாதாரண சூயிங்கம் மாதிரி அதை விடாமல் மெல்லக் கூடாது. மென்றால் எச்சிலோடு எல்லாம் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். நாலைந்து கடி, நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு கடி, மறுபக்கம் ஒதுக்கல். அரை மணி நேரம் ஓடும். புகையிலைக் கட்டையை அடக்கி வைக்கிற தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காப்பி, கலர் எதுவும் கூடாது; குடித்தால் மருந்து சரியாக ஏறாது.

டீயைப் பற்றி அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். யாரும் சொல்லித் தராத விஷயம் இது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபீனை மற்றவர்களைவிட மிக வேகமாகக் கரைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தினால் சில நாளில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதே ஆறு டீயைக் குடித்தால் உடம்பில் காஃபீன் முன்னைவிட நிறையத் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும். நாமோ சிகரெட் இல்லாததால் வருகிறது என்று நினைத்து மறுபடி பற்றவைப்போம். "டீயப் பாதியாக்குங்க" என்றார். ஆறை மூன்றாக்கினேன். மாலை போட்ட காலத்தில் முதல் வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்ததற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. கார்த்திகை முகூர்த்தங்கள், பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. மேலப்பாளையம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று, 600 பத்திரிகை. மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. வாசித்தேன், கையெழுத்துப் போட்டேன், அச்சுக்குப் போனது. சாயங்காலம் கட்டு கட்டும் பையன்தான் பார்த்தான்: மணப்பெண் பெயருக்கு முன்னால் "திருவளர்ச்செல்வன்". இருபது வருஷத்தில் கல்யாணப் பத்திரிகையில் நான் விட்ட முதல் பெரிய பிழை. 600-ம் வீண். பெண்ணைப் பெற்றவர் கண்ணில் அது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நெஞ்சு அடைத்தது. முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ராத்திரி ஓட்டிருவோம். நீ போய்க் காத்தாட நடந்துட்டு வா" என்றார். அவருக்கு நான் நிறுத்தியிருப்பது தெரியும்.

வெளியே வந்தேன். எதிரே பெட்டிக்கடை. கால் அந்தப் பக்கம்தான் போனது. கடைக்கார அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். ஒரு தவிப்பு மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், பிறகு இறங்கிவிடும் என்று அக்கா சொன்னது நினைவில் இருந்தது. ஐந்து நிமிஷத்தைக் காலால் கடந்துவிடலாம் என்று டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு நடந்தேன். போய்ச் சேரும்வரை நாலு முறை தவிப்பு ஏறி இறங்கியது. மழை பெய்து தாமிரபரணி நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது, முருகன் கோயில் படியை நனைத்துக்கொண்டு. கல்மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு கம்மைக் கன்னத்தில் ஒதுக்கினேன். இருட்டும்வரை இருந்துவிட்டு, திரும்பி பிரஸ்ஸுக்கே போய் இரண்டாம் அச்சுக்கு நானே கூட நின்றேன்.

ஒரு வாரம் கழித்து ஊதியபோது கருவி 2 காட்டியது. அதற்குப் பிறகு உடம்பு அதன் பாட்டுக்கு வேலை பார்த்தது. இருமல் குறையும் என்று எதிர்பார்த்தேன், கூடியது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் புகையில் முடங்கிக் கிடந்து, இப்போது எழுந்து சளியை வெளியே தள்ளுகின்றன. பயப்பட வேண்டாம் என்றார்கள். ஒரு மாசத்தில் நின்றது. மலச்சிக்கல் வந்தது, வாய்ப்புண் வந்தது, நாலு கிலோ கூடியது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் பதில் பேசாமல் சின்னக் கிண்ணத்தில் சீரகமும் சோம்பும் வறுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கிண்ணம் இப்போதும் மேசையில் இருக்கிறது.

நாலாம் மாசம், 2020 மார்ச் தொடக்கத்தில், மாமா ஒருவர் தவறிப்போய் துட்டிக்குப் போனேன். எங்கள் ஊர்த் துட்டி வீட்டில் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு தட்டு இருக்கும். வெற்றிலை, பாக்கு, பீடி, சிகரெட், தீப்பெட்டி. மாமாதான் எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்தில் இருந்த மச்சான் ஒன்றைப் பற்றவைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; துக்கத்தில் அது ஒரு அன்பு. எடுத்தேன். அன்றைக்கு மூன்று குடித்தேன். ராத்திரி பஸ்ஸில் வரும்போது, அவ்வளவுதான், எல்லாம் போச்சு, நாளைக்குக் காலையில் ஒரு பெட்டி வாங்கிவிட வேண்டியதுதான் என்று மனசு பேசிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் பெட்டிக்குப் பதிலாக அதில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டேன். 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுகிறார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அந்த எண்ணைப் பார்த்திருந்தும் ஒருமுறைகூடச் சுழற்றியதில்லை. எடுத்தவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார், முந்தின ராத்திரி தூங்கினீர்களா, கம் கையில் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். கம் இல்லை, நாலு மாசமாகிவிட்டதே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அடுத்த துட்டியில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். அதை நான் யோசித்ததே இல்லை. பந்தல் ஓரத்தில், தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நின்றுகொள்கிறேன் என்றேன். அதன்பிறகு போன எல்லாத் துட்டியிலும் தண்ணீர்ச் செம்போடுதான் நின்றிருக்கிறேன். அந்த மூன்றுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

இத்தனை வருஷம் ஊதியபின் விட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வதுண்டு. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்று இரண்டு பேர் 1951-ல் மருத்துவர்களைக் கொண்டே ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை அந்த ஆய்வு 50 வருஷம் விடாமல் பின்தொடர்ந்தது. 2004-ல் வெளியான முடிவுப்படி, விடாமல் புகைப்பவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறக்கிறார்கள். 60 வயதில் விட்டால் அதில் 3 வருஷம் திரும்பக் கிடைக்கிறது. 50-ல் விட்டால் 6. 40-ல் விட்டால் 9. 30-ல் விட்டால் ஏறக்குறைய முழுதும். டாலும் ஒரு காலத்தில் புகைத்தவர்தான், இதற்கு முந்தைய தன் ஆய்வு ஒன்று காட்டியதைப் பார்த்து விட்டவர். நான் விட்டது 46-ல். ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எனக்கு எத்தனை என்று தெரியாது. எத்தனையானாலும் அது மகள் படித்து முடித்து ஒரு வேலைக்குப் போவதைப் பார்க்கப் போதும்.

மோப்பம் திரும்பியதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. விட்ட சில வாரத்திலேயே புளிக்கரைசலின் வாடை, புதுத் தாளின் வாடை, அச்சு மையின் வாடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என் பழைய சட்டைகள் அலமாரியில் எப்படி நாறுகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த வாடையோடுதான் மகளைத் தூக்கியிருக்கிறேன்.

போன மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். பித்தளைப் பானைக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. பிரித்ததும் முதலில் வந்தது வாடைதான். பச்சைப் புகையிலையும் ஈர இலையும் சேர்ந்த, கொஞ்சம் இனிப்பான வாடை. ஏணியில் நின்றபடியே இருந்துவிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்த கைகளின் வாடை அது. எனக்குக் காய்ச்சல் அடித்தால் நெற்றியில் வந்து உட்கார்ந்த வாடை. 28 வருஷமாக அது என் மூக்கில் ஏறவே இல்லை. புகையிலையை நான் வெறுக்கிறேன். அம்மாவின் மூச்சைப் பார்த்தவன் வேறெப்படி இருக்க முடியும்? ஆனாலும் அந்தச் சாக்கிலிருந்து முகத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே சுளகும் அளவுத் தகடும் கத்திரியும் இருந்தன. கீழே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். அம்மா சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில் தேய்ந்த இடத்தை விரலால் தடவினாள். தடவின விரல் தானாக ஒரு உருட்டு உருட்டியது, இலையும் தூளும் இல்லாமலே. பிறகு கத்திரியைத் திறக்கப் பார்த்தாள். துருவேறி இறுகியிருந்தது.

"கொஞ்சம் தேங்காண்ண தொட்டு வையி எய்யா" என்றாள். "நல்ல கத்திரி."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவர அடுப்படிக்குப் போனேன்.